பழியைக் காட்டேரி தலையில் போடலாமா?

ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கொள்கிறார்கள். ஒருவர் கதை சொல்கிறார். மற்ற நால்வரும் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிப் பகடை உருட்டுகிறார்கள். கம்ப்யூட்டர் வேண்டாம், கரண்ட் கூட வேண்டாம். தலையணை சைஸில் ஒரு விதிப்புத்தகம், ஆளுக்கொரு தாள், கை நிறைய பத்துமுகப் பகடைகள், அவ்வளவுதான். 1991-ல் அமெரிக்காவின் ஒயிட் வுல்ஃப் நிறுவனம் வெளியிட்ட 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' இந்த வகை விளையாட்டுகளில் ரொம்பப் பிரபலம். இதில் ஆடுபவர்கள் எல்லோருமே ரத்தம் குடிக்கும் காட்டேரிகள். மனிதர்களோடு மனிதர்களாக ஊருக்குள் ஒளிந்து வாழ வேண்டும். பசிக்கு ரத்தம் வேண்டும். ஆனால் உள்ளே மிச்சம் இருக்கிற மனிதத்தன்மையைத் தொலைத்து விடக் கூடாது. அதற்கு மதிப்பெண்ணே உண்டு. கொடுமை செய்யச் செய்ய அது குறையும். பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் அந்தப் பாத்திரம் ஆடுபவர் கையை விட்டே போய்விடும்.

(நம்மூர்க் காட்டேரி வேறு ஜாதி. அவளைப் பார்த்துப் பயப்படவும் செய்வார்கள், பொங்கல் வைத்துக் கும்பிடவும் செய்வார்கள். விளையாட்டில் வருவது கோட்டு போட்ட ஐரோப்பியப் பிரபு. வேறு நல்ல சொல் இல்லாததால் இங்கே இரண்டுக்கும் காட்டேரி என்றே வைத்துக் கொள்வோம்.)

இந்த விளையாட்டின் கதைகள் மந்திர உலகத்தில் நடப்பவை இல்லை. நாம் இருக்கிற இதே உலகம், இதே ஊர்கள், கொஞ்சம் இருட்டாக. ஆகவே கதை சொல்பவர் செய்தித்தாளைக் கையில் எடுப்பது இயல்புதான். முதல் பதிப்பே அப்படித்தான் ஆரம்பித்தது. அறிமுகக் கதைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த ஊர் சிகாகோவுக்குப் பக்கத்தில் இருக்கும் கேரி. எஃகு ஆலையை நம்பிப் பிறந்த ஊர். ஆலையில் ஆட்குறைப்பு வந்தது, ஜனம் வெளியேறியது, தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. அந்தப் பாழூருக்கு ஒரு காட்டேரி ராஜா. ஆள் இல்லாத ஊரில் ராஜாவாக இருந்து என்ன பிரயோஜனம்? அந்தக் கேள்வியில்தான் கதையின் ருசியே இருக்கிறது. ஊர் நாசமானதற்குக் காரணம் எஃகு வியாபாரம். காட்டேரி அந்த நாசத்தில் மாட்டிக்கொண்ட இன்னொரு ஆள்.

27 வருஷம் கழித்து இந்த வித்தியாசம் அவர்களுக்கே மறந்து போனது.

2015-ல் ஒயிட் வுல்ஃபை ஸ்வீடனின் பாரடாக்ஸ் இண்டராக்டிவ் வாங்கியது. 2018-ல் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு வந்தது. அதே ஆண்டு 'கமரில்லா' என்ற துணைநூல் தயாரானது. அதில் செச்சென்யா பற்றி ஒரு பகுதி. செச்சென்யா ரஷ்யாவுக்குள் இருக்கும் சின்னக் குடியரசு. அங்கே தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் என்ற சந்தேகத்தின் பேரில் நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களைப் பிடித்து அடைத்து வைத்துச் சித்திரவதை செய்கிறார்கள், குறைந்தது மூன்று பேர் கொல்லப்பட்டிருக்கிறார்கள் என்று 'நோவாயா கஜெட்டா' பத்திரிகை 2017 ஏப்ரலில் எழுதியிருந்தது. துணைநூல் இதை எடுத்துக்கொண்டு என்ன செய்தது? அந்த நாட்டை ஆள்வதே காட்டேரிகள்தாம், அந்த அடக்குமுறையெல்லாம் உலகத்தின் கண்ணை வேறு பக்கம் திருப்ப அவர்கள் போட்ட திரை என்று எழுதி வைத்தது.

கடும் எதிர்ப்பு கிளம்பியது. 2018 நவம்பரில் பாரடாக்ஸ் மன்னிப்புக் கேட்டது. செச்சென்யா பகுதி நீக்கப்பட்டது. ஒயிட் வுல்ஃப் இனி தனி அமைப்பாக இயங்காது என்று அறிவித்துத் தன்னோடு இணைத்துக் கொண்டது. ஒரு சின்னப் பகுதி, ஒரு கம்பெனியின் சுதந்திரத்தையே காவு வாங்கிவிட்டது.

'ஒரு விளையாட்டுக்குப் போய் இவ்வளவா?' என்று கேட்பவர்கள் உண்டு. 'இனிமேல் நிஜப் பிரச்னை எதையும் தொடவே கூடாது' என்று எதிர்ப்பக்கம் ஓடுபவர்களும் உண்டு. இரண்டு பேரும் விஷயத்தைக் கோட்டை விடுகிறார்கள். செச்சென்யாவைத் தொட்டது தப்பில்லை. தப்பு, குற்றவாளியை மாற்றியது. அங்கே கதவைத் தட்டியவன் மனுஷன். அடித்தவன் மனுஷன். 'எங்கள் ஊரில் அப்படிப்பட்ட ஆட்களே இல்லை' என்று சாதித்ததும் மனுஷன்தான். அதற்கெல்லாம் ஒரு பேயைப் பொறுப்பாக்கினால், அடித்தவனுக்கு இலவசமாக ஒரு வக்கீல் கிடைத்துவிடுகிறார். அதுவும், உயிர் பிழைத்து வந்தவர்கள் 'இது நடந்தது' என்று சொல்லி நம்ப வைக்கவே போராடிக் கொண்டிருந்த நேரத்தில்.

வேடிக்கை என்னவென்றால் அதே ஒயிட் வுல்ஃபுக்கு இது முன்பு தெரிந்திருந்தது. 1997-ல் 'ரெய்த்' என்ற தங்களுடைய ஆவி விளையாட்டுக்காக, யூதப் படுகொலையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். கேட்டாலே பகீர் என்கிற யோசனை! ஆனாலும் அந்த நூலை இன்றைக்கும் மரியாதையோடு பேசுபவர்கள் இருக்கிறார்கள். அதில் வரும் ஆவிகள் கொல்லப்பட்டவர்களுடையவை. கொன்றவர்கள் மனிதர்களாகவே இருக்கிறார்கள். பேய் வந்து பழியை ஏற்றுக்கொள்ளவில்லை.

ரஷ்யாவும் போலந்தும் ரொம்பத் தூரம். தேவாரம் தெருவில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலையில் வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் உடனே உறைக்கும்.

2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக் கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் இளம் பெண்கள். அனுமதி இருந்ததா, தீ பிடிக்கும் பருவத்தில் ஏன் விட்டார்கள், எச்சரிக்க யாரும் இல்லையா என்று ஏகப்பட்ட கேள்விகள் எழுந்தன. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. இப்போது ஒரு கதைசொல்லி, 'அந்தத் தீயை வைத்தது மலைக் காட்டேரி' என்று சாகசத்தை ஆரம்பிக்கிறார் என்று வையுங்கள். ஒரே வாக்கியத்தில் அத்தனை கேள்வியும் சாம்பல். மகளைப் பறிகொடுத்த வீட்டில் போய் இதைச் சொல்ல முடியுமா?

தேவாரத்துக்குப் பக்கத்திலேயே பொட்டிப்புரம் இருக்கிறது. நியூட்ரினோ ஆய்வகத்துக்காக மலையைக் குடைந்து சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் போடத் திட்டம் போட்ட இடம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1500 கோடி ரூபாய்க்கு அனுமதி கொடுத்தது. பிறகு எதிர்ப்பு, வழக்கு. சூரிய வெளிச்சமே எட்டாத பாறைக்குடைவு என்றால் காட்டேரிக் கதை எழுதுபவருக்கு நாக்கில் எச்சில் ஊறும்! ஆனால் மலைக்குள் என்ன செய்யப் போகிறார்கள் என்று ஏற்கெனவே பயந்து போயிருக்கும் ஊரில், 'ஆமாம், உள்ளே ரகசியம் இருக்கிறது' என்று விளையாட்டும் சேர்ந்து சொன்னால் யாருக்கு லாபம்? நிலத்தடி நீர் பற்றிக் கேட்ட விவசாயியின் நியாயமான கேள்வியும் பேய்க்கதைக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். வதந்தியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. குரங்கணித் தீக்கு இரண்டே மாதம் கழித்து, 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து ஒரு மூதாட்டியைக் கும்பல் அடித்தே கொன்றது. 'நமக்குள் ரத்தம் குடிக்கிற ஆள் ஒளிந்திருக்கிறான்' என்பது மேசையில் கதை. தெருவுக்கு வந்தால் கம்பும் கல்லும்.

இந்தப் பகுதியில் கற்பனைக் கதை நிஜ நெருக்கடியோடு மோதிய சம்பவமும் உண்டு. 2011-ல் இடுக்கியில் நிலநடுக்கங்கள் வந்ததும் முல்லைப்பெரியாறு அணை தாங்குமா என்ற பயம் கேரளத்தில் பெரிதானது. சரியாக அந்த நவம்பரில் 'டேம் 999' படம் வெளிவந்தது. அணை உடைந்து ஊர் அழியும் கதை. 1975-ல் சீனாவில் உடைந்த பான்சியாவ் அணைதான் தூண்டுதல் என்று படக்குழு சொன்னது. யார் நம்புவார்கள், தலைப்பிலேயே 999 இருக்கும்போது? அணை நிலத்தின் குத்தகைக் காலம் அதே 999 வருஷம்தானே! தமிழ்நாட்டில் படத்துக்குத் தடை விழுந்தது. தடை சரியா என்பது வேறு விவாதம். ஆனால் ஐந்து மாவட்டங்களுக்குத் தண்ணீர் தரும் அணையை நம்பி நெல் நட்டவருக்கு அந்தப் படம் ஏன் வலித்தது என்பது புரியாத விஷயம் இல்லை. எல்லை தாண்டி, அணைக்குக் கீழே குடியிருப்பவரின் பயமும் பொய்யில்லை. இரண்டு பக்கத்திலும் மனிதர்கள் இருக்கிற சண்டையில் ஒரு பக்கத்தை ராட்சசனாக்கும் கதைதான் ஆபத்தானது.

அப்படியானால் காட்டேரிக்கு இந்த மலையில் வேலையே இல்லையா? தாராளமாக இருக்கிறது. வணிகவியல் படிப்பவர்கள் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே கண்ணில் படும். காட்டேரியின் பெரிய சொத்து பல்லும் இல்லை, பலமும் இல்லை, காலம். அவன் சாவதில்லை, அதனால் காத்திருக்க முடியும். 1886-ல் போட்ட 999 வருஷக் குத்தகை முடிவது 2885-ல். கையெழுத்துப் போட்ட இரண்டு தரப்பிலும் அதைப் பார்க்க ஒருவரும் இருக்க மாட்டார்கள், அவனைத் தவிர. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கியின் ஏலச்செடிகள் அழுகின. அடுத்த கோடை மழையும் ஏமாற்றியது. முந்தைய வருஷங்களில் கிலோ ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்த ஏலக்காய், 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் 7000 ரூபாயைத் தொட்டது. காய் கையில் இருந்தவருக்கு யோகம். செடி செத்தவருக்கு, விலை ஏறி என்ன, இறங்கி என்ன? வெள்ளத்தைக் காட்டேரி வரவழைக்க வேண்டியதே இல்லை. வெள்ளம் வடிந்த மறுநாள் கடன் கொடுக்க வந்து நின்றால் போதும். மூலதனத்தை ரத்தம் குடிக்கும் பேயோடு ஒப்பிட்டு எழுதிய கார்ல் மார்க்ஸ் இந்தச் சாகசத்தை நன்றாகவே நடத்தியிருப்பார்.

காட்டேரி நெருக்கடியைத் தின்று வாழலாம், நெருக்கடியைப் பெற்றெடுக்கக் கூடாது. கதைசொல்லி இந்த ஒரு கோட்டைத் தாண்டாமல் இருந்தால், 2011 டிசம்பரைக் கூட மேசைக்குக் கொண்டு வரலாம்.

அந்த டிசம்பரில் குமுளி எல்லை மூடப்பட்டது. கம்பம், கூடலூரிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் எல்லையை நோக்கி நடந்தார்கள். தேனி மாவட்டத்தில் தடை உத்தரவு. மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டங்களில் வேலைக்குப் போயிருந்த தமிழ்க் குடும்பங்கள், மிரட்டலுக்கும் வதந்திக்கும் பயந்து, கிடைத்த பாதையில் தேவாரம் பக்கம் இறங்கி வந்தன. சாதாரண நாட்களில் இந்த ஜனம் விடியுமுன் ஜீப்பில் அடைந்து மெட்டு ஏறும், பொழுது சாயும்போது திரும்பும். ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணாமல் இருப்பது மனசுக்கு நல்லது.

சாகசம் இப்படிப் போகலாம். ஆடுபவர்கள் நால்வரும் உடும்பன்சோலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பல காலமாக ஒளிந்து வாழும் காட்டேரிகள். லயத்தில் தூங்குகிறவர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாக, யாரும் சாகாமல், ரத்தம் எடுத்தே பிழைத்து வந்தவர்கள். அட்டைக்கடி என்று நினைத்துக்கொள்வார்கள், யாரும் சந்தேகப்பட்டதில்லை. திடீரென்று ஒரு ராத்திரியில் லயமே காலியாகிறது. காய் எடுக்கும் பருவம், தோட்டக்காரருக்கு ஆள் வேண்டும். காட்டேரிகளுக்கும் ஆள் வேண்டும். இரண்டு பேருடைய கவலையும் ஒன்றுதான் என்பது ஆடுபவர்களுக்கு மெல்லப் புரிய வேண்டும். அதைக் கதைசொல்லி வாயால் சொல்லக் கூடாது. இன்னொரு காட்டேரி, இவர்களைவிட வயசானவன், ஏக்கர் கணக்கில் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டு, பயந்து ஓடும் தமிழ்ச் சிறு விவசாயிகளுக்காகப் பாதையில் உட்கார்ந்திருக்கிறான். கல் எறிந்தவர்கள் மனிதர்கள். அவர்களுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, பயமும் உண்டு. அவர்களை யாரும் வசியம் செய்யவில்லை.

நடுக்காட்டில் ஒரு பெண், இடுப்பில் பிள்ளை, தலையில் மூட்டை, ஒரு வாரக் கூலி பாக்கி. இருட்டில் இவர்களைப் பார்த்து, 'அண்ணே, தேவாரத்துக்கு இந்தத் தடம்தானே?' என்று கேட்கிறாள். நால்வருக்கும் மூன்று நாள் பசி. விடிய இன்னும் இரண்டு மணி நேரம். அடிவாரம் வரை துணைக்குப் போனால் வெயிலுக்கு முன் மேலே திரும்ப முடியாது. பகடையை எடுக்க வேண்டியது இந்த இடத்தில்.