இரண்டு நாள் பொங்கலுக்கு ஏரோப்ளேனா?

குர்கான், மானேசர் பக்கம் கார் பாகத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன நம்ம சீனியர் ஒருவர், பொங்கலுக்கு விமானத்தில் வந்து இறங்கினால் ஊர் என்ன சொல்லும்? "நேத்து வரைக்கும் டவுன் பஸ்ல தொங்கிட்டுப் போன பய, ரெண்டு நாளைக்கு ஏரோப்ளேன்ல வர்றான். கொழுப்பைப் பாரேன்!" நண்பர்களே, நம்மிலும் சிலர் கேன்டீனில் உட்கார்ந்து இதையேதான் பேசுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஏறக்குறைய 33 மணி நேரம். அங்கிருந்து திருநெல்வேலிக்கு இன்னும் ஓர் இரவு. நாலு நாள் லீவு வாங்கியவனுக்குப் போக வரவே அது சரியாப் போச்சு. பானை பொங்குவதைப் பார்க்க நேரம் ஏது? விமானம் சுமார் மூன்று மணி நேரத்தில் சென்னையில் இறக்கிவிடும். இரவு பஸ் பிடித்தால் காலையில் அம்மா கையால் காபி. அவனிடம் பணத்தைவிட நாள்தான் குறைவு. இதில் ஆடம்பரம் எங்கே வந்தது?

ஆனால் டிக்கெட் விலை? அங்கேதான் வயிறு எரிகிறது. 1994-ல் விமானத் துறை தனியாருக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு கட்டணத்தை நிறுவனங்களே வைத்துக்கொள்கின்றன. ஒரே விமானத்தில் 180 சீட் இருந்தால் எல்லாம் ஒரே விலை கிடையாது. விலையைப் படிப்படியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ்ப்படி விற்றதும் அடுத்த படி. பண்டிகை என்றால் கீழ்ப்படி சீட்டுகளே சொற்பம். கடைசியில் வருகிறவன் உச்சிப் படிக்காரன்.

"அரசாங்கம் உச்சவரம்பு வைக்கட்டும்" என்பார்கள். வைத்தும் பார்த்தார்கள். கொரோனா காலத்தில் 2020 மே முதல் 2022 ஆகஸ்டு வரை வரம்பு இருந்தது. 2025 டிசம்பரில் விமானங்கள் கூட்டம் கூட்டமாக ரத்தானபோது மறுபடியும் வரம்பு வந்தது. அப்போது 1,500 கிலோமீட்டருக்கு மேல் போனால், வரி நீங்கலாக, 18,000 ரூபாய் வரை வாங்கலாம் என்றார்கள். ஒரு வழிக்குத்தான் இது! புதிதாகச் சேர்ந்த டிப்ளமோக்காரர் பலருக்கு அது ஒரு மாதச் சம்பளத்தை ஒட்டி வரும். வரம்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கொள்ளையை அது தடுக்கும். ஆனால் அதனால் சீட்டு ஒன்றுகூட அதிகமாகாது. முன்கூட்டிப் பதிவு செய்தவனுக்கே கிடைக்கும்.

அப்படியானால் நம்ம ஆள் ஏன் முன்கூட்டிப் பதிவு செய்வதில்லை? சோம்பேறி என்பீர்கள். இல்லை ஐயா, லீவு உண்டா இல்லையா என்று அவனுக்கே தெரியாது! ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. பழைய 1948 தொழிற்சாலைச் சட்டம் லீவுக்கு 15 நாளுக்கு முன் விண்ணப்பிக்கச் சொன்னது. 60-க்கும் 15-க்கும் நடுவிலுள்ள 45 நாளில் ரயில் வெயிட்டிங் லிஸ்ட் ஆகிவிடும், விமானம் மேல்படி ஏறிவிடும். அதே சட்டத்தில் பொதுவாக ஆண்டுக்கு 240 நாள் வேலை பார்த்தவனுக்கு 20 நாளுக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு. 2025 நவம்பர் 21-ல் வந்த புதிய தொகுப்புச் சட்டம் அதை 180 நாளாக்கியது. நல்லதுதான். ஆனாலும் லீவு தேதிக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் பொங்கல் என்றால் எல்லாருக்கும் தெரியும். அங்கே போய் "நாலு நாள் பண்டிகை சார்" என்றால் சிரிப்பார்கள்.

(ஒரு குறுக்குவழியும் உண்டு. போகிக்கு முன்னால் இங்கிருந்து வடக்கே போகும் விமானத்தில் பெரும்பாலும் அவ்வளவு நெருக்கடி இராது. அப்பா அம்மாவை அங்கே வரச்சொல்லலாம். ஆனால் மாட்டை யார் பார்ப்பது? அம்மா வரமாட்டாள். வந்தாலும் குர்கான் மாடி ரூமில் எங்கே பொங்கல் வைப்பாள்?)

"உற்பத்தி பாதிக்கும், தேதியை முன்னாலேயே சொல்ல முடியாது" என்று கம்பெனிகள் சொல்லும். இதை நம்மிடம் சொல்லலாமா? கேன்ட் சார்ட் போட்டே நமக்குக் கை வலிக்கிறது. பராமரிப்புக்கு மெஷினை என்றைக்கு நிறுத்துவது என்று மாதக்கணக்கில் முன்பே தெரிகிறது. மெஷினை ஓட்டுகிறவனின் லீவு மட்டும் கடைசி வாரம் வரை ரகசியமா?

காம்பஸ் இன்டர்வியூவில் நாம் சம்பளம் கேட்கிறோம், ஷிப்ட் கேட்கிறோம், ரூம் தருவீர்களா என்று கேட்கிறோம். லீவை எப்போது உறுதி செய்வீர்கள் என்று யாராவது கேட்டோமா? வருகிற ஆண்டு கம்பெனிகளுக்குப் போகும் கடிதத்தில் நம் பேரவை இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும்: "வெளிமாநிலத்தில் பணியமர்த்தப்படும் மாணவருக்கு ஆண்டுக்கு ஒரு பண்டிகை விடுப்பை, 75 நாளுக்கு முன்பே எழுத்தில் உறுதி செய்வீர்களா? ஆம் / இல்லை."