நிறமல்ல, மில்லிவாற்று

சிவப்பு சாது, பச்சை வல்லது, ஊதா வெறும் அலங்காரம் என்று லேசர் சுட்டிகளை நிறம் பார்த்து விற்போரை நான் மன்னிக்கத் தயாரில்லை. ஆபத்தின் அளவுகோல் மில்லிவாற்றே. மனிதக் கண் 555 நனோமீற்றரை அண்டிய பச்சையையே மிகப் பிரகாசமாய்க் காணும். ஆகவே 532 நனோமீற்றர் பச்சைக்குச் சமவலுவுள்ள 405 நனோமீற்றர் ஊதா மங்கலாய்த் தெரியும். விழித்திரையைச் சுடுவதில் சளைக்காது. மலிவான பச்சைச் சுட்டியோ செந்நிறக்கீழ்க் கதிரையும் கசியவிடக்கூடும். காணாத ஒளிக்கு இமை மூடுமா? அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவகம் 2010 இல் இதனை அளந்தே எச்சரித்தது. விமானிகளின் கண்கள் கூசிய பின்னர், 2008 இல் அவுஸ்திரேலியா 1 மில்லிவாற்றுக்கு மேற்பட்ட சுட்டிகளின் இறக்குமதிக்குக் கடிவாளமிட்டது. ஏனைய அரசுகள் எதற்காகக் காத்திருக்கின்றன? வலுவை அளந்து பார்க்காமல் விற்கப்படும் சுட்டி விளையாட்டுப் பொருளல்ல. பிறர் கண்ணை வைத்து ஆடும் சூது.