வேனா, மோட்டார்ஹோமா? யானையைக் கட்டித் தீனி போடும் குடும்பங்கள்

பிரிட்டனில் பர்மிங்காம் நகரின் என்.இ.சி. அரங்கில் ஆண்டுதோறும் பிப்ரவரியிலும் அக்டோபரிலும் மோட்டார்ஹோம் கண்காட்சி நடக்கிறது. சக்கரம் வைத்த வீடுகள் வரிசையாக நிற்கும். அப்பா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பார். அம்மா அடுப்பையும் குளியலறையையும் திறந்து பார்ப்பார். பிள்ளைகள் மேல்கட்டிலில் ஏறிக் குதிப்பார்கள். விற்பனையாளர் மாதத் தவணை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுவார். பத்து வருடம் வரை கட்டலாம் என்பார். அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் குடும்பங்களில் பல, தங்களுக்குத் தேவையே இல்லாத ஒன்றை வாங்குகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். மோட்டார்ஹோம் என்பது தொழிற்சாலையிலேயே வீடாகக் கட்டப்பட்டு வருவது. கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை, குளியல் எல்லாம் உள்ளேயே இருக்கும். வேனை மாற்றுவது என்பது சரக்கு ஏற்றும் ஒரு சாதாரண வேனை வாங்கி, ஜன்னல் வெட்டி, இருக்கையும் படுக்கையும் பொருத்தி, கேம்பிங் போக ஏற்றதாக ஆக்கிக்கொள்வது. ஒன்று வாங்கிய உடனே கிளம்பத் தயார். மற்றதற்குக் கொஞ்சம் உழைப்பு வேண்டும். அதனால் முதலாவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கணக்குப் போட்டால் கதை மாறுகிறது.

ஓர் இரவுக்கு எவ்வளவு?

ஒரு பேச்சுக்கு, புது மோட்டார்ஹோமின் விலை 70,000 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் குடும்பம். கோடை விடுமுறையில் இரண்டு வாரம், மற்றபடி ஏழு வார இறுதிகள். ஆக வருடத்துக்கு 28 இரவுகள், பத்து வருடத்தில் 280 இரவுகள். பத்தாவது வருட முடிவில் பாதி விலைக்குப் போகிறது என்றால் கரைந்த பணம் 35,000 பவுண்ட். அதாவது ஓர் இரவுக்கு 125 பவுண்ட்! இதில் கடன் வட்டி இல்லை, காப்பீடு இல்லை, டீசல் இல்லை, முகாம் கட்டணமும் இல்லை. வீட்டு வாசலில் நிறுத்த இடமில்லாதவர்கள் அதை வேறெங்காவது நிறுத்தி வைக்க மாத வாடகை கொடுக்க வேண்டும். அதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

மீதி 337 நாட்கள் அது என்ன செய்கிறது? சும்மா நிற்கிறது. நின்றாலும் செலவு நிற்பதில்லை. பாட்டரி இறங்கும், டயர் கெடும், வரி கட்ட வேண்டும். பல மோட்டார்ஹோம்களின் சுவரும் கூரையும் பலகை பலகையாக ஒட்டிச் சேர்த்தவை. ஒரு மூட்டில் பசை விட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். வெளியே தெரியாமல் உள்ளே மரச்சட்டம் ஊறி இற்றுப்போகும். அதனால்தான் ஈரம் இறங்கியிருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சோதனையைத் தவறவிட்டால் உத்தரவாதமே செல்லாது என்று நிபந்தனை போடும் தயாரிப்பாளர்களும் உண்டு. யானையைக் கட்டித் தீனி போடுவது என்று சொல்வார்களே, அது இதுதான்.

இனி வேன். பழைய வேன் 15,000, மாற்றும் செலவு 10,000, ஆக 25,000 பவுண்ட். பத்து வருடம் கழித்து 8,000-க்கு விற்றால் கரைந்தது 17,000. மொத்தத்தையும் கேம்பிங் தலையிலேயே கட்டினாலும் ஓர் இரவுக்கு ஏறத்தாழ 61 பவுண்ட். ஆனால் மொத்தத்தையும் அதன் தலையில் கட்ட வேண்டியதே இல்லை. ஏனென்றால் திங்கட்கிழமை காலையில் அதே வேன் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடுகிறது. சனிக்கிழமை மளிகை வாங்கப் போகிறது. வீட்டில் இருந்த இரண்டாவது காரை விற்றுவிடலாம்.

உயரமும் எடையும்

பிரிட்டனில் பல கார் நிறுத்துமிடங்களின் வாசலில் இரண்டு மீட்டருக்குச் சற்று மேலே ஓர் இரும்புக் குறுக்குத் தடை இருக்கும். ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டி6.1 கலிஃபோர்னியா என்ற கேம்பர்வேனின் உயரம் 1.99 மீட்டர். கூரையைத் தூக்கினால் மேலே படுக்கை, மடக்கினால் தடைக்குள் நுழையும் கார். மோட்டார்ஹோம்காரர் கடற்கரைக்குப் போனாலும் வண்டியை விட இடம் தேடியே பாதி நாளைக் கழிப்பார்.

சாலையும் அப்படித்தான். டெவன், கார்ன்வால் கிராமப் பாதைகளில் இரு பக்கமும் உயரமான புதர்வேலி. எதிரே ஒரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். ஸ்காட்லாந்தின் வடக்குக் கரையைச் சுற்றி வரும் நார்த் கோஸ்ட் 500 பாதை 2015-இல் அறிமுகமானது. அதில் ஆப்பிள்கிராஸ் ஊருக்கு ஏறும் பெலாக் நா பா மலைப்பாதையின் தொடக்கத்திலேயே, மிகப் பெரிய வாகனங்களுக்கும் கேரவன்களுக்கும் இது ஏற்றதல்ல என்று பலகை வைத்திருக்கிறார்கள். பலகையை மதிக்காதவர்கள் வளைவில் சிக்கிக்கொண்டு முன்னாலும் பின்னாலும் போக முடியாமல் நிற்பார்கள். அந்த நேரத்தில் பின்னால் காத்திருக்கும் உள்ளூர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது எடை. 1997 ஜனவரி 1 முதல் கார் ஓட்டுநர் தேர்வில் தேறியவர்கள், அந்த உரிமத்தைக் கொண்டு 3,500 கிலோவுக்கு மேற்பட்ட டீசல் மோட்டார்ஹோமை ஓட்ட முடியாது. இன்று சிறு பிள்ளைகளோடு இருக்கும் பெற்றோரில் பெரும்பாலானவர்கள் இந்த வகைதான். ஆகவே பல குடும்ப மோட்டார்ஹோம்கள் 3,500 கிலோ வரம்புக்குள் அடைக்கப்பட்டு வருகின்றன. அடுப்பும் குளியலறையும் அலமாரியும் ஏற்கெனவே எடையைத் தின்றுவிட்டன. பாக்கி இருக்கும் கொஞ்சத்தில் குடும்பமும், நான்கு சைக்கிளும், நூறு கிலோ எடையுள்ள நூறு லிட்டர் தண்ணீரும் ஏற வேண்டும். வரம்பைத் தாண்டினால் அபராதம். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம் கூடும். டயர் வெடிக்கும் ஆபத்தும் உண்டு. ஒரு பெரிய வீட்டை வாங்கிவிட்டு, உள்ளே போர்வையை எடுத்து வைக்கத் தயங்கும் நிலை!

வேன்காரர்களும் யோக்கியர்கள் அல்ல

வேன் பக்கம் பேசுவதால் வேனை மாற்றுகிற எல்லோரும் சரி என்று ஆகிவிடாது. 2010-களில் இன்ஸ்டாகிராம் வந்தபின் வேன் வாழ்க்கை ஒரு மோஸ்தராகிவிட்டது. தேக்கு நிறப் பலகை, தொங்கும் விளக்கு, பின்கதவு வழியே தெரியும் கடல். அந்தப் படங்களில் பெரும்பாலும் இருப்பது இளம் ஜோடி, கூடவே ஒரு நாய். மூன்று வயதுக் குழந்தை இருக்காது. குழந்தை வந்தால் முதல் கேள்வி பலகையின் நிறமல்ல. வண்டி ஓடும்போது குழந்தை எங்கே உட்காரும்?

இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் கூடவே கூடாது. பக்கவாட்டில் பார்க்கும் பெஞ்சில் குழந்தை இருக்கையைப் பொருத்த முடியாது. ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து அதில் பெல்ட்டைத் திருகி வைத்தால், மோதலின்போது பெல்ட் பிடிக்கும், பலகை பிடிக்காது. மடக்கினால் இருக்கை, விரித்தால் படுக்கை என்று விற்பவற்றில், பெல்ட்டின் பிடிமானம் இழுவைச் சோதனையில் தேறியவை உண்டு. அதை வாங்கி, வேனின் அடிச்சட்டத்தில் அனுபவசாலியைக் கொண்டு பொருத்த வேண்டும். விலை ஆயிரக்கணக்கான பவுண்ட் ஆகலாம். ஆகட்டும். அலமாரியைப் பழைய மரத்தில் செய்துகொள்ளலாம்.

இரண்டாவது எரிவாயு. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும், அதாவது கீழே படுத்திருக்கும் பிள்ளையின் மூக்கு மட்டத்தில். அதனால் சிலிண்டர் பெட்டியின் அடியில் காற்று வெளியேறத் துளை வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கோ வாசனையே கிடையாது. அதற்கு எச்சரிக்கைக் கருவி ஒன்றே வழி. இவற்றைக் கற்றுக்கொள்ளப் பொறுமை இல்லாதவர் வேனுக்குள் அடுப்பே வைக்காமல் இருப்பது நல்லது. வெளியே மேசை போட்டுச் சமைக்கலாம்.

மூன்றாவது காகிதம். 2019 முதல் பிரிட்டனின் வாகனப் பதிவு முகமையான டி.வி.எல்.ஏ., வெளித்தோற்றத்தையும் பார்த்துத்தான் ஒரு வேனை மோட்டார் கேரவன் என்று பதிவு செய்கிறது. உள்ளே கட்டிலும் மேசையும் இருந்தும் ‘ஜன்னல் வைத்த வேன்’ என்றே பதிவான வண்டிகள் ஏராளம். காப்பீட்டு நிறுவனத்திடம் மாற்றத்தை மறைத்தால் விபத்தின்போது பணம் வராது. பழைய டீசல் வேன் வாங்குபவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்டில் லண்டனின் மாசு கட்டுப்பாட்டு வலயம் நகரம் முழுவதற்கும் விரிவானது. யூரோ 6 தரத்துக்குக் கீழுள்ள டீசல் வேனுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்ட் கட்டணம்.

“மழை பெய்தால் என்ன செய்வீர்கள்?”

மோட்டார்ஹோம் ஆதரவாளர்களின் வலுவான கேள்வி இது. வேல்ஸில் மூன்று நாள் விடாமல் மழை பெய்யும்போது, நான்கு பேர் ஒரு வேனுக்குள் ஈரத் துணியோடு இருப்பது சுகமல்ல. உண்மைதான். கழிப்பறைக்கு முகாமின் மறுமுனைக்கு நடக்க வேண்டும். அதுவும் உண்மை. வேனோடு ஒட்டிக் கட்டும் கூடாரம் ஒன்று வாங்கினால் இந்தச் சிரமம் பாதி குறையும். ஒரு சிறு கையடக்கக் கழிப்பறை இன்னும் கொஞ்சம் குறைக்கும். மீதியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். நடக்க முடியாத பெரியவர் கூட வருகிறார், அல்லது ஓய்வுபெற்ற தம்பதி வருடத்தில் ஐந்து மாதம் சாலையில் இருக்கிறார்கள் என்றால் மோட்டார்ஹோம் நியாயமான செலவே. 28 இரவு போகிற குடும்பத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது. வருடத்துக்கு இரண்டு வாரம் மட்டும் சொகுசு வேண்டுமென்றால் வாடகைக்கு எடுக்கலாமே.

“வேனை மாற்றவே எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போய்விடுமே” என்பது அடுத்த கேள்வி. பாதியில் நின்றுபோன வேன்கள் விற்பனைக்கு வருவது உண்மைதான். காரணம், எல்லாவற்றையும் செய்ய முயல்வது. 1951-இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் வேனுக்கு ‘கேம்பிங் பாக்ஸ்’ என்று ஒன்றைச் செய்து கொடுத்தது. உள்ளே வைத்தால் படுக்கையும் அலமாரியும். வெளியே எடுத்தால் அது வெறும் வேன். வாரநாளில் வேலை, வார இறுதியில் சுற்றுலா. போருக்குப் பின் கையில் காசில்லாத காலத்தில் வந்த யோசனை அது. பாதுகாப்பான இருக்கை, ஒரு படுக்கை, ஒரு பெட்டி, ஒரு தண்ணீர்க் கேன். இவ்வளவோடு கிளம்பிவிடலாம். மற்றதெல்லாம் போய் வந்தபின், எது உண்மையிலேயே தேவைப்பட்டது என்று பார்த்துச் செய்துகொள்ளலாம்.

கண்காட்சியில் தாளை நீட்டும் விற்பனையாளரிடம் ஒரு மாதம் அவகாசம் கேட்பதில் தவறில்லை. அந்த மாதத்தில் ஒரு வார இறுதி மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்துப் போகட்டும். இன்னொரு வார இறுதி பின்னிருக்கையுள்ள ஒரு சாதாரண வேனில் மெத்தையைப் போட்டுக்கொண்டு போகட்டும். திரும்பி வந்தபின் எதில் அதிகம் சிரித்தார்கள் என்று பிள்ளைகளையே கேட்கட்டும். அதற்குப் பிறகும் மோட்டார்ஹோம்தான் வேண்டுமென்றால் தாராளமாக வாங்கலாம். குறைந்தபட்சம் யானை எவ்வளவு தின்னும் என்று தெரிந்துகொண்டாவது வாங்குவார்கள்!