கோராய்டின் தடிமன்: எண் இருக்கிறது, நேரம் எங்கே?

நீரிழிவு நோயாளிகளின் கண்ணில் கோராய்டு மெலிகிறது என்கிறது ஓர் ஆய்வுக் கட்டுரை. தடிக்கிறது என்கிறது மற்றொன்று. மாற்றமே இல்லை என்கிறது மூன்றாவது. இம்முரண்பாட்டுக்கு நோயின் சிக்கலையே காரணமாகக் காட்டுவது நம் துறையில் வழக்கமாகிவிட்டது. நோயைக் குறை கூறுமுன் நம் அளவை முறையைச் சோதிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

விழித்திரையின் வெளியடுக்குகளுக்கு ஊட்டமளிப்பது, அதன் பின்னுள்ள கோராய்டு என்னும் குருதிக்குழாய்ப் படலம். வழக்கமான ஓ.சி.டி. கருவியைக் கொண்டே அதன் முழு ஆழத்தையும் படமெடுக்கும் முறையை 2008ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஸ்பெய்டும் அவர்தம் சகாக்களும் வெளியிட்டனர். விழித்திரைக்கடியில் நீர் கோக்கும் சி.எஸ்.சி. நோயில் கோராய்டு தடித்திருப்பதை அம்முறை தெளிவாகக் காட்டியது. அதன் பயனை நான் மறுக்கவில்லை. அது தரும் எண்ணை, அளந்த சூழலிலிருந்து பிரித்தெடுத்து நோயின் அடையாளமாக முன்வைப்பதையே மறுக்கிறேன்.

கோராய்டு குருதி நிறைந்த திசு. அதன் தடிமன் ஒரு நிலையில் நிற்பதன்று. நலமான கண்ணிலும் அது காலையில் மிகுந்து மாலையில் குறைகிறது. ஒரே நாளில் 20 மைக்ரானுக்கு மேலும் மாறக்கூடும். வயது ஏற ஏற மெலிகிறது. கிட்டப்பார்வையால் நீண்ட விழிக்கோளத்தில் மேலும் மெலிகிறது. காபி அருந்தினாலும் சில மணி நேரம் சுருங்குகிறது.

இனி நம் மருத்துவமனைகளை எண்ணிப் பாருங்கள். நோயாளிகள் காலையிலேயே புறநோயாளர் பிரிவுக்கு வந்துவிடுகின்றனர். அவர்களுக்கு அப்போதே படமெடுக்கப்படுகிறது. ஒப்பீட்டுக் குழுவாக அமையும் மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் கூட்டம் ஓய்ந்த மாலையில் எடுக்கப்பட்டால் என்னாகும்? நோயாளிகளின் கோராய்டு தடித்திருக்கிறது என்ற முடிவைக் கடிகாரமே தந்துவிடும். படமெடுத்த நேரத்தைக் குறிப்பிடாத கட்டுரையில் இந்த ஐயத்தைத் தீர்க்க வழியே இல்லை.

மாதிரியின் அளவைப் பெருக்கினால் இவையெல்லாம் ஈடாகிவிடும் என்பர். தற்செயலான பிழைகள் ஈடாகும். ஒரே திசையில் சாயும் பிழை ஈடாகாது. ஆயிரம் பேரை அளந்தால், தவறான முடிவின் பி மதிப்பு மேலும் சிறிதாகும், அவ்வளவே. கோராய்டின் குழாய்ப் பகுதியை விகிதமாகக் கணக்கிடும் சி.வி.ஐ. குறியீடு இதற்கு மாற்று என்பாரும் உளர். அது ஓரளவு நிலையானதே. ஆயினும் படத்தின் ஒளிர்வையும் தேர்ந்தெடுத்த பரப்பையும் சார்ந்தே அதன் மதிப்பும் அமைகிறது.

இது ஏட்டுச் சண்டையன்று. முதல் வருகையில் காலையிலும் மறுவருகையில் மாலையிலும் அளக்கப்பட்ட சி.எஸ்.சி. நோயாளியிடம் தடிமன் குறைந்தால், மருந்து பலித்தது என்று முடிவு செய்துவிடலாம். அம்முடிவின் விளைவு அவர் பார்வையின்மேல் விழும்.

இதைத் திருத்தப் புதிய நிதி வேண்டியதில்லை. படமெடுத்த நேரம் ஓ.சி.டி. கோப்பிலேயே பதிவாகிறது. விழிக்கோளத்தின் நீளத்தை அளக்கும் கருவி, கண்புரை அறுவை நடக்கும் மருத்துவமனைகளில் இருக்கிறது. இரு குழுவினரையும் ஒரே நேர வரம்புக்குள் அளவுங்கள். வயது, விழியின் நீளம், கருவி ஆகியவற்றை எழுதுங்கள். எல்லைக்கோட்டை வரைந்தவர் நோயாளி யார் என அறிந்திருந்தாரா என்பதையும், இருமுறை அளந்தபோது எவ்வளவு வேறுபட்டது என்பதையும் சேர்த்தெழுதுங்கள். இவை இல்லாத ஆய்வேடுகளை வழிகாட்டிகளும் தேர்வாளர்களும் திருப்பி அனுப்ப வேண்டும்.