கிளிநொச்சி யாருடைய ஊர்?

"வந்தாரை வாழவைக்கும் வன்னி" என்பது ஈழத் தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் தொடர். மேடைகளிலே முழங்குவதற்கு அது மிக வசதியானது. ஆனால் ஓர் இளம் ஆசிரியருக்கு வன்னியிலே நியமனம் கிடைத்துவிட்டால், கடிதம் கையில் வந்த அன்றே வீட்டார் இடமாற்றத்துக்கு வழி தேடத் தொடங்கிவிடுகின்றனர். வாழவைக்கும் நிலமென்று புகழப்படுவதும், எப்படியாவது தப்பிவிட வேண்டிய நிலமென்று அஞ்சப்படுவதும் ஒரே நிலந்தான். இந்த முரண்பாட்டை நமது படித்த பகுதியினர் ஆராய முற்படுவதேயில்லை.

கிளிநொச்சியிலே குடியேறலாமா என்ற கேள்வி இன்று பாடசாலை ஆசிரியர் அறைகளிலும், அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலும், விடுமுறைக்கு வந்துபோகும் புலம்பெயர்ந்தோர் நடுவிலும் அடிக்கடி எழுகிறது. அதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. "அது கஷ்டப் பிரதேசம், சேவைக் காலத்தை எண்ணி முடித்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்" என்பது முதலாவது. இரண்டாவது அண்மையில் முளைத்தது: "மேடுபள்ளமில்லாத ஊர், நடந்து திரியலாம், குளக்கட்டிலே மாலைக் காற்று வாங்கலாம், பறவை பார்க்கலாம், நகரத்தின் நெரிசலும் புகையும் இல்லை" என்பது.

முதல் விடை ஊரை இகழ்கிறது, இரண்டாவது புகழ்கிறது. ஆயினும் இரண்டும் ஒரே சிந்தனையின் பிள்ளைகள் என்று நாம் கூறுகிறோம். இரண்டுமே ஊரைக் கடையில் எடுத்துப் பார்க்கும் பண்டமாகக் கருதுகின்றன. "இந்த ஊர் எனக்கு என்ன தரும்?" என்ற கேள்விக்கு அப்பால் இவை ஓர் அடியும் எடுத்துவைப்பதில்லை.

இயற்கையை நாம் மறுக்கவில்லை. மார்கழியில் இரணைமடு வான் பாயும்போது அக்கட்டில் நிற்பவன் மனம் நிறையாமல் திரும்பமாட்டான். சுண்டிக்குளத்தில் வந்திறங்கும் பறவைகளும், வயலோரத்து மருத மரங்களும், காட்டிலே பாலை பழுக்கும் காலமும் இந்நிலத்தின் செல்வங்களே. நடப்பதற்கு ஏற்ற சமநிலம் என்பதும் உண்மைதான். ஆனால் நடப்பவர் யார் என்று கேட்கவேண்டாமா?

கிளிநொச்சி நகரம் ஏ-9 பெருவீதியின் இருமருங்கிலும் நீண்டு கிடக்கிறது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஓடும் லொறிகளும் பேருந்துகளும் ஊரின் நெஞ்சைப் பிளந்துகொண்டு பாய்கின்றன. அவ்வீதியில் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் கண்ணாடி முகப்புக் கடைகளும் எழுந்துள்ளன. காரில் வந்து காரிலே போகிறவர் அதைப் பார்த்து, "ஊர் முன்னேறிவிட்டது" என்று மகிழ்கிறார். 1845 இல் வெளிவந்த இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றிய தம் நூலில், ஏங்கெல்ஸ் மான்செஸ்டர் நகரின் அமைப்பை விளக்குகிறார். செல்வர் வீட்டிலிருந்து வியாபார மையத்துக்குப் போகும் பெருந்தெருக்களின் ஓரங்களைக் கடைகள் மறைத்து நின்றமையால், பின்னாலிருந்த தொழிலாளர் சேரிகள் அவர்கள் கண்ணிற் படாமலே போயின என்பது அவர் கண்ட உண்மை. ஏ-9 வீதியின் கண்ணாடிக் கடைகள் செய்யும் வேலையும் அதுவேதான். அவற்றின் பின்னே கிறவல் வீதிகள் தொடங்குகின்றன. அங்கே சைக்கிளில் மூவராகப் போகும் பிள்ளைகளும், சோளகக் காற்றுப் புழுதியிற் கூலிவேலைக்கு நடக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடை பொழுதுபோக்கன்று. பஸ் இல்லாமையின் மறுபெயர்.

இந்த மண்ணில் நடத்தல் என்பதற்கு வேறு வரலாறும் உண்டு. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தனர். பெருந்தொகையினர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். அன்று எவரும் கிளிநொச்சியைக் கஷ்டப் பிரதேசம் என்று சொல்லவில்லை. வன்னிக் குடியானவன் தன் வளவிலே கொட்டில் போட இடங்கொடுத்தான். தன் கிணற்றிலே அள்ள விட்டான். பின்னர், 2009 சனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி படையினர் வசமாவதற்கு முன்னரே இவ்வூர் மக்கள் கிழக்கு நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தனர். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று அந்த நடை முள்ளிவாய்க்கால் வரை சென்றது. உயிர் எஞ்சியவர்கள் வவுனியா மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டனர். 2012 செப்டெம்பரிலேதான் அந்த முகாம் மூடப்பட்டது.

திரும்பி வந்தவர்களுக்குத் தம் சொந்தக் காணியிலேனும் கால்வைக்க முடிந்ததா? நிலத்தடியில் மிதிவெடிகள் காத்திருந்தன. முகமாலைப் பகுதி உலகிலேயே மிகச் செறிந்த வெடிவயல்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. அங்கே கொளுத்தும் வெயிலில் முகக்கவசம் அணிந்து முழந்தாளிட்டு, மண்ணை விரற்கடை விரற்கடையாகச் சுரண்டி வெடியகற்றியவர்களுட் பெருந்தொகையானோர் பெண்கள். போரிலே கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே சுமந்த தாய்மாரும் அவர்களுள் இருந்தனர். நடக்கத்தக்க ஊர் என்ற சொல்லின் முழுப்பொருளை அறிய விரும்புவோர் அப்பெண்களிடம் கேட்டறிய வேண்டும். மாலை உலாவுக்கு இடம் விசாரிக்கும் கனவான்கள் தாம் மிதிக்கும் மண்ணை மிதிக்கத்தக்கதாக்கியவர் யாரென்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

இவ்வூர் எவ்வாறு உண்டாயிற்று என்பதையும் நாம் மறந்துவிட்டோம். கனகராயன் ஆற்றை மறித்து 1902 இல் தொடங்கப்பட்ட இரணைமடுக் குள வேலை 1921 இல் முடிவடைந்தது. யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்துக்கும் வேலையின்மைக்கும் பரிகாரமாக, 1936 இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கிற்று. வந்தவர்கள் ஏழை விவசாயிகள். காட்டை வெட்டினார்கள், மலேரியாவுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள், யானைக்குக் காவலிருந்து பயிர் செய்தார்கள். பின்னர் 1977 ஆம் ஆண்டு வன்செயலிலே மலையகத் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்ட தொழிலாளர் வன்னிக்கு வந்தனர். 1976 இல் மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் தோற்றுவித்த காந்தீயம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்தப் பாடுபட்டது. இன்று பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் ஆகிய கிராமங்களில் அவர்களின் மக்களும் பேரப்பிள்ளைகளும் வாழ்கின்றனர். காடு வெட்டிய கைகளிற் பலவற்றுக்கு வாய்க்கால் நீர் பாயும் வயல் கிட்டவில்லை. பிறர் வயலிற் கூலியே கிட்டிற்று. வந்தாரையெல்லாம் வன்னி ஒரே விதமாக வாழவைக்கவில்லை என்பதை மேடைப் பேச்சாளர் சொல்லமாட்டார். நாம் சொல்லத்தான் வேண்டும்.

வன்னியின்பால் யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கம் கொண்டுள்ள மனப்பான்மை இரணைமடு நீர்ப் பிரச்சினையில் அம்பலமாயிற்று. குளத்து நீரைக் குழாய்வழியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு வகுக்கப்பட்டபோது, சிறுபோகத்துக்கே நீர் போதாதென்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். யாழ்ப்பாணத்தின் குடிநீர்த் தேவை பொய்யன்று. அதன் கிணறுகள் உவர்ப்பதும், உரத்தின் நைத்திரேற்று அவற்றிற் கலப்பதும் மெய்யே. ஆனால் விவசாயியின் அச்சத்தை அறியாமை என்றும் பிரதேசவாதம் என்றும் பலர் எள்ளினர். முடிவில் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது. மாற்றுவழி இருந்தது என்பதை அது மெய்ப்பித்தது. வன்னியின் நெல் வேண்டும், நீர் வேண்டும், மணலும் மரமும் வேண்டும். அங்கே குடியிருக்க மட்டும் மனம் வராது என்றால், இந்த உறவுக்கு என்ன பெயர் சூட்டுவது?

இனி நம்மவர் பக்கம் வருவோம். விடியுமுன் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, ஆனையிறவைத் தாண்டி, ஏறத்தாழ அறுபத்தைந்து கிலோமீற்றர் கடந்து கிளிநொச்சியில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு வண்டியிற் கிறவல் வீதியிலே குலுங்கி வகுப்புக்குப் போகும் ஆசிரியர் எத்தனை பேர்! முல்லைத்தீவின் உட்கிராமங்களுக்குச் செல்வோர் இதனினும் நெடுந்தூரம் அலைகின்றனர். ஒன்றரை மணிக்கு மணியடித்ததும் பஸ்ஸைப் பிடிக்க விரைகிறார்கள். நாளில் நான்கு மணி நேரத்தைப் பயணம் தின்றுவிடுகிறது. மாணவனின் வீடு எங்கே, தந்தை என்ன தொழில், காலையில் அவன் சாப்பிட்டானா என்பதை அறிய அவ்வாசிரியருக்கு நேரமில்லை. மாலையில் விளையாட்டு மைதானத்திலும் நூல்நிலையத்திலும் ஆசிரியரைக் காணாத பிள்ளை, படிப்பென்பது வேற்றூராரின் சொத்து என்று எண்ணி வளர்கிறது.

2022 ஜூனில் எரிபொருட் பஞ்சம் நாட்டை முடக்கியபோது இதன் விளைவு வெளிப்பட்டது. நகரப் பாடசாலைகள் மூடப்பட்டன. போக்குவரத்துச் சிக்கல் இல்லாத இடத்துக் கிராமப் பாடசாலைகளை நடத்தலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. வன்னிக் கிராமங்களிலே அந்தச் சலுகை எந்த அளவுக்குப் பயன்படும்? நடந்தோ சைக்கிளிலோ வரக்கூடிய தூரத்திலே ஆசிரியர் குடியிருந்தாலன்றோ வகுப்பு நடக்கும்! நடை என்ற சொல்லை நாம் இங்கேதான் முதன்மையாகப் பொருத்திப் பார்க்கவேண்டும்.

"ஆசிரியரைக் குற்றஞ்சாட்டுவது எளிது, வாடகை வீடு எங்கே? இருண்ட வீதியில் ஒரு பெண் எப்படித் தனியே போவாள்? என் பிள்ளையை எந்தப் பாடசாலையிற் சேர்ப்பது?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விகள். தனித்தனி ஆசிரியரைக் கூண்டில் ஏற்றுவது நமது நோக்கமன்று. விடுதி கட்டாமல் நியமனம் வழங்கும் அரசாங்கமே முதற் குற்றவாளி. கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று பட்டியல் போட்டுச் சொற்பப் படியைக் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்ததென்று அது கருதுகிறது. கஷ்டத்தை ஒழிப்பதற்குப் பதிலாகக் கஷ்டத்துக்கு விலை நிர்ணயிக்கும் முறை இது. ஆனால் கடைசிக் கேள்வியை மீண்டும் நினைத்துப் பாருங்கள். தன் பிள்ளைக்கு உதவாதென்று தான் கருதும் பாடசாலையிலேயே ஓர் ஆசிரியர் ஊரார் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார் என்றால், அங்கே ஊராரின் பிள்ளைகள் மட்டும் எப்படி முன்னேறுவர்?

இரணைதீவு மக்களை நினைவூட்டுகிறோம். 1992 இல் தீவிலிருந்து இடம்பெயர்ந்த அம்மீனவக் குடும்பங்கள் இரணைமாதா நகரிலே கால் நூற்றாண்டு காத்திருந்தன. மனுக்கொடுத்துப் பார்த்தன, வீதியோரத்திலே போராடிப் பார்த்தன. 2018 ஏப்ரல் 23 ஆம் திகதி தம் படகுகளில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு தீவிலே போய் இறங்கின. இடிந்த வீடுகளும் தூர்ந்த கிணறுகளுந்தான் அவர்களை வரவேற்றன. வசதிப் பட்டியலை வைத்து முடிவுசெய்திருந்தால் அத்தீவு இன்றும் ஆளற்றுக் கிடக்கும். முதலிற் குடியிருந்தார்கள், குடியிருந்துகொண்டு கேட்டார்கள்.

ஆதலின் குடியேறலாமா என்ற கேள்விக்கு நமது விடை, குடியேறுங்கள் என்பதே. காற்று வாங்க வரும் விருந்தாளியாகவன்று, ஊரவராக. மலிவு விலையிற் காணி வாங்கி மதில் கட்டி, விலை ஏறட்டுமென்று பூட்டிவைத்துப் போவோரை இவ்வூர் ஏற்கெனவே போதுமான அளவு கண்டிருக்கிறது. வாக்காளர் இடாப்பிற் பெயரைப் பதியுங்கள். பிள்ளையை அயற் பாடசாலையிற் சேருங்கள். கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலும் சனசமூக நிலையத்திலும் போய் அமருங்கள். நடைபாதையும் தெருவிளக்கும் மாலை பஸ்ஸும் அங்கிருந்து கேட்கும்போதே கோரிக்கையாகும். ஆனையிறவுக்கு அப்பாலிருந்து கேட்டால் அது வெறும் முறைப்பாடு.

ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் தொடங்கிய சம்பள முரண்பாட்டுப் போராட்டத்தில் நாடெங்கும் ஆசிரியர்கள் நூறு நாட்களுக்கு மேல் உறுதியாக நின்றார்கள். அந்தப் பலத்தின் ஒரு பகுதியையேனும் வன்னியிலே ஆசிரியர் விடுதிகளுக்காகத் திரட்டுங்கள். பாடசாலைக்கு நடக்கும் தூரத்தில் விடுதி, பிள்ளை பராமரிப்பு நிலையம், இரவு எட்டு மணி வரை உட்கிராம பஸ் ஆகிய மூன்றையும் சம்பளக் கோரிக்கையோடு ஒரே தாளில் எழுதி அடுத்த மகாநாட்டிலே நிறைவேற்றுங்கள். இடமாற்ற மனுக்களுக்குச் செலவிடும் சக்தியிற் பாதி போதும், இவ்வேலை தொடங்கிவிடும்.