பொட்டலத்தின் முதுகு



காட்டுப்பாக்கத்தில் டிரங்க் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு பெட்டிக்கடை. காலை ஏழரைக்கு, ஸ்கூல் வேன் வருவதற்கு முன்னால், அங்கே பிள்ளைகள் மொய்ப்பார்கள். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். போன வாரம் பால் வாங்கப் போனேன். பேரனைக் கையில் பிடித்திருந்த பாட்டி ஒருவர் ஒரு பாக்கெட்டை என்னிடம் நீட்டினார். "தம்பி, இதுல என்னென்ன போட்டிருக்கான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

மைதா, பாமாயில் வரை தடுமாற்றமில்லை. அப்புறம் மால்டோடெக்ஸ்ட்ரின், ஐ.என்.எஸ். 627, 631. "அப்படின்னா?" என்றார். பத்திரிகைக்காரன், திருதிருவென்று விழித்தேன். பேரன் அதற்குள் பிரித்துத் தின்ன ஆரம்பித்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து தேடினேன். அந்த எண்கள் இரண்டும் சுவை கூட்டிகள். சேர்க்க அனுமதி உள்ளவைதான். மால்டோடெக்ஸ்ட்ரின், மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பொடி. எதுவும் நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பதில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது. அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், கடையில் வாங்கும் தோசை மாவு எல்லாம் பதப்படுத்தியவையே. அவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆலையில் தானியத்தைக் கூறு கூறாகப் பிரித்து, நிறமும் மணமும் ஏற்றி மறுபடி ஒட்டவைத்த பண்டங்களைத்தான் பிரேசில் பேராசிரியர் கார்லோஸ் மொன்டெய்ரோ 2009-ல் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். 'அல்ட்ரா பிராசஸ்டு' என்கிறோமே, அது.

2019-ல் அமெரிக்காவில் கெவின் ஹால் குழு 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் இந்த வகை, இரண்டு வாரம் சமையலறைச் சாப்பாடு என்று பரிமாறியது. பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஏறக்குறைய சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலைப் பண்ட வாரங்களில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிருந்தது. எடையும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறியது. சமைத்த சாப்பாட்டில் அதே அளவு இறங்கியது. பிள்ளைக்குக் கட்டுப்பாடு இல்லை என்று திட்டுகிறோம். அந்த 20 பேரும் வளர்ந்தவர்கள்!

தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. பழியை முழுக்கப் பாக்கெட்டின் தலையில் போடுவது நியாயமாகாது. நாம் மலைபோல் குவிக்கும் வெள்ளைச் சோறும் கூட்டாளிதான்.

எனக்குக் கோபம் வேறொன்றில். பொட்டலத்தின் முன்பக்கத்தில் நடிகர் சிரிக்கிறார். விவரம் முதுகில், எறும்பு எழுத்தில் இருக்கிறது. சட்டப்படி அது ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். தமிழிலும் போடத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. வாங்கிக் கொடுக்கும் பாட்டிக்கு அந்த இரண்டும் தெரியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பிள்ளை அடம்பிடித்துக் கேட்கும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். அதிலுள்ளவை என்னென்ன என்று அடுத்த இதழ் முதல் தமிழில் போடுகிறோம். எடையில் கூடுதலானது முதலில் வர வேண்டும் என்பது விதி. அதனால் முதல் மூன்று பெயர்கள் தெளிவாகத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். பாட்டிக்கு ஒரு பிரதியைக் கடையிலேயே எடுத்துவைக்க அண்ணாச்சி ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தச் சரங்களுக்குப் பக்கத்திலேயே தொங்கவிடுவாராம்.

அன்புடன்,
ஆசிரியர்