எங்கள் பிள்ளைகளுக்கு ராக்கெட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

"தோட்டத்துப் புள்ளைகளுக்கு ராக்கெட் எதுக்கு தம்பி? ஸ்கொலர்ஷிப்புக்கு நாலு பேப்பர் செஞ்சு குடுங்க, புண்ணியமா போகும்."

கினிகத்தேனையில் பஸ்ஸுக்கு நின்றபோது படித்த மனிதர் ஒருவர் எங்களிடம் சொன்னது இது. அப்போது எங்கள் கையில் இருந்தவை நாலைந்து காலி சோடாப் போத்தல்களும் ஒரு வொலிபோல் பம்பும். பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. அந்தப் பதிலை இங்கே எழுதுகிறோம்.

முதலில் எங்களைப் பற்றி. நாங்கள் கலைப்பீட மாணவர்கள். எங்களில் சிலர் விரும்பித்தான் கலைப்பிரிவுக்கு வந்தோம். மற்றவர்களுக்குத் தெரிவு என்று ஒன்றே இருக்கவில்லை. படித்த பள்ளிக்கூடத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு கிடையாது. பௌதிகவியல் படிக்க வேண்டுமென்றால் தூரத்து நகரத்தில் தங்கிப் படிக்க வேண்டும். கொழுந்துக் கூலியில் அது நடக்கிற காரியமா? கடைசியில் "ஒனக்குக் கணக்கு வராது" என்றார்கள். கணக்கு வரவில்லையா, கணக்கு வாத்தியார் வரவில்லையா என்று யாரும் கேட்கவில்லை.

இனி ராக்கெட்டுக்கு வருவோம். ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தல். அதன் வாயில் இறுகப் பொருந்தும் ரப்பர் அடைப்பான். அதைத் துளைத்துச் செல்லும் பம்ப் ஊசி. அட்டையில் வெட்டிய மூன்று இறக்கைகள். தண்ணீர் ஊற்றி, தலைகீழாக நிறுத்தி, எல்லோரும் தள்ளி நின்று காற்றடித்தால் போதும். வெடிமருந்து இல்லை, நெருப்பும் இல்லை. தண்ணீருக்கு எங்களுக்கு என்ன பஞ்சம்? பக்கத்து வட்டவளை, இலங்கையில் அதிகம் மழை கொட்டும் இடங்களில் ஒன்று.

முதல் நாள் நாங்கள் பெரிய பிழை விட்டோம். எல்லாவற்றையும் நாங்களே செய்து, நாங்களே பறக்கவிட்டோம். பிள்ளைகள் கைதட்டினார்கள், நாங்கள் போட்டோ எடுத்தோம். அது வேடிக்கை காட்டியது, பாடம் இல்லை. அடுத்த கிழமை பம்பை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றோம். ஒருத்தன் போத்தல் நிறையத் தண்ணீர் ஊற்றினான். முக்கால் ஆள் உயரம்கூடப் போகவில்லை. இன்னொருத்தி தண்ணீரே ஊற்றவில்லை. 'டப்' என்று சத்தம்தான் மிஞ்சியது. மாற்றி மாற்றிச் செய்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்தான் சரி என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அந்தப் போத்தல் லயத்துக் கூரையைத் தாண்டிப் போனது.

பிறகுதான் சண்டை வந்தது. "தண்ணி தரையில முட்டித்தான் போத்தல தள்ளுது" என்றான் ஒரு பையன். பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று விடவில்லை: "மேல போன பொறகும் தண்ணி பீச்சுச்சே, அங்க தரை ஏது?"

1920இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை, ரொபர்ட் கொடார்ட் என்ற விஞ்ஞானியைக் கேலி செய்து தலையங்கம் எழுதியது. விண்வெளியில் உதைத்துத் தள்ள எதுவுமே இல்லையே, ராக்கெட் எப்படிப் போகும் என்று கேட்டது. கொடார்ட் 1926இல் திரவ எரிபொருள் ராக்கெட்டைப் பறக்கவிட்டுக் காட்டினார். பத்திரிகை தன் பிழையைத் திருத்தியது 1969 ஜூலை 17ஆம் திகதி, அப்பலோ 11 நிலவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது. ராக்கெட் தரையையோ காற்றையோ உதைப்பதில்லை, தனக்குள்ளிருந்து வெளியே தள்ளுவதையே உதைக்கிறது. அந்தப் பெரிய பத்திரிகைக்கு 49 வருசம் எடுத்த விசயத்தின் நுனியை எங்கள் பிள்ளை ஒரு பின்னேரத்தில் பிடித்துவிட்டாள். இவளுக்கா கணக்கு வராது?

"மொதல்ல சோறு, வீடு, காணி. அப்புறம் ராக்கெட்" என்பார்கள் சிலர். சோறும் வீடும் காணியும் வேண்டும்தான், அதற்கும் நாங்கள் சேர்ந்தே குரல் கொடுப்போம். ஆனால் இந்த 'அப்புறம்' யாருக்கு மட்டும் சொல்லப்படுகிறது? பெரிய நகரத்துப் பிள்ளையிடம் யாராவது சொல்கிறார்களா? தலைமுறை தலைமுறையாக எங்களுக்கு 'அப்புறம்' என்றே சொல்லப்பட்டு வந்திருக்கிறது.

2019இல் 'இராவணா-1' என்ற சிறு செய்மதி விண்வெளிக்குப் போனது. இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் செய்தது. எல்லோரும் பெருமைப்பட்டோம். அடுத்த வருசம் இராவணன் விமானம் ஓட்டியதற்கு ஆதாரம் கேட்டுப் பத்திரிகையில் அரச விளம்பரம் வந்தது. புட்பக விமானத்தைத் தேட ஆர்வம் இருக்கிறது. மலையகப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பௌதிகவியல் ஆசிரியரைத் தேட இல்லையா?

அமெரிக்காவில் கோல்வூட் என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். வீடு, கடை எல்லாமே கம்பெனியுடையது. எங்கள் தோட்டம் மாதிரித்தான். 1957இல் ஸ்புட்னிக் வானத்தைக் கடந்ததைப் பார்த்து அந்த ஊர்ப் பையன்கள் ராக்கெட் செய்யத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஹோமர் ஹிக்கம் பின்னாளில் நாசாவில் பொறியியலாளர் ஆனார். அவர் தனியாகவா மேலே போனார்? கம்பெனிப் பட்டறைத் தொழிலாளர்கள் உலோக வேலைகளைச் செய்துகொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் கைதூக்கிவிட ஓர் ஆசிரியை இருந்தார். நாங்கள் கேட்பதும் அதைத்தான்.

சோடாப் போத்தல் ஒருத்தரையும் விஞ்ஞானி ஆக்கிவிடாது, அது எங்களுக்கும் தெரியும். அது ஒரு கேள்வியை எழுப்பும். பிள்ளை சாதாரண தரம் முடித்து வரும்போது, அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போக நடந்துபோகும் தூரத்தில் ஒரு விஞ்ஞான வகுப்பு இருக்க வேண்டும். அது இல்லாமல் பள்ளிச் சுவரில் அப்துல் கலாம் படத்தை மாட்டி, கனவு காணச் சொல்லிப் பேச்சுப் போட்டி வைப்பது ஏமாற்று வேலை.

பஸ் நிலையத்தில் கண்ட ஐயாவுக்கு: ஸ்கொலர்ஷிப் பேப்பரும் செய்து கொடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மழை விட்டால் வாங்க. வரும்போது காலிப் போத்தல் இருந்தால் கொண்டு வாங்க. அந்தப் பிள்ளை உங்களிடமும் கேள்வி கேட்பாள்.